பழைய மோட்டார் கைக்கருவிகளை அடையாளம் காண்பதும் மதிப்பிடுவதும்: ராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, தொண்டி, மண்டபம், பெரியபட்டினம் பக்கம் பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து ஓர் இரும்புப் பெட்டி இறங்கும். உள்ளே துருப்பிடித்த ஸ்பேனர்கள், ஒரு மங்கி ரெஞ்ச், டயர் லீவர், ஜாக்கியின் கைப்பிடி, எதற்கென்றே தெரியாத இரண்டு வளைந்த கம்பிகள் இருக்கும். பெட்டி இறங்கிய அன்று மாலையே காயலான் கடைத் தராசில் ஏறிவிடுகிறது. போவதற்கு முன் ஒருமுறையாவது அவற்றை எடுத்துப் படித்துப் பாருங்கள் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம். இந்தக் கரையோரத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

நம்ம ஊர்ப் பக்கம் இவ்வளவு சீமைக் கருவிகள் எப்படி வந்தன?

பல வழிகளில் வந்தன. பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை இந்த வழி இருந்தது. கொழும்பில் ஒர்க்‌ஷாப்பிலும் தோட்டத்து லாரியிலும் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பும்போது தங்கள் கருவிப் பெட்டியையும் கொண்டு வந்தார்கள். மதுரையை மையமாக வைத்து டி.வி.எஸ். போன்றோர் பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்துப் பட்டறைகள் இன்னொரு வழி. பக்கத்தில் செட்டிநாடு இருக்கிறது, அந்த வீடுகளின் கார் ஷெட்டிலிருந்தும் நிறைய வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஏலத்தில் விற்ற இராணுவ ஜீப்புகள், அவற்றின் கருவிகளோடு சிவில் கைகளுக்கு மாறின.

ராமேஸ்வரம் தீவின் கதை கொஞ்சம் வேறு. சாலைப் பாலம் 1988-இல்தான் திறந்தது. அதனால் தீவுக்குள் கிடைக்கும் பழைய பெட்டி கார்ப் பெட்டியாக இருப்பதை விட ரயில்வே பெட்டியாகவோ லாஞ்சு எஞ்சின் பெட்டியாகவோ இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வாப்பா விட்டுப்போன பெட்டி ஒன்று இருக்கிறது. முதலில் என்ன செய்யணும்?

எதையும் தேய்க்காதீர்கள், பிரிக்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே ஒரு படம் எடுங்கள். எந்தக் கருவி எந்தத் துணிச் சுருட்டுக்குள் இருந்தது, எதனோடு எது கட்டியிருந்தது என்பதெல்லாம் ஒரு தகவல். ஒரே காரோடு வந்த ஆறு ஸ்பேனரை நான்கு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால் அது வெறும் பழைய இரும்பாகிவிடும். கித்தான் அல்லது தோல் சுருட்டு எவ்வளவு கிழிந்திருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். பல கார்களின் கருவிப் பெட்டியில் அந்தச் சுருட்டுதான் கிடைக்காத பொருள்.

பெட்டிக்குள் கிடக்கும் சீட்டு, பில், வண்டியின் கையேடு, ஆர்.சி. புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்தே வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்த வண்டி என்ன, யார் ஓட்டியது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டியது இது.

எழுத்தே தெரியவில்லை, முழுக்கத் துரு. எப்படிப் படிப்பது?

மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேயுங்கள். கம்பி பிரஷ் இப்போது வேண்டாம். துடைத்துக் காய்ந்ததும் சாக்பீஸைக் குறுக்காகப் படுக்க வைத்து மேலே ஓட்டித் துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை ஸ்பேனரின் பக்கவாட்டில், ஏறக்குறையப் படுக்கையாகப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். மண்டபத்தில் ஒரு லாஞ்சு மெக்கானிக்கிடம் இருந்த ரெஞ்சை இப்படிப் பார்த்தபோது, வெறும் கறுப்பு இரும்பாகத் தெரிந்த கைப்பிடியில் முதலில் நாயின் தாடை, அப்புறம் காது, பிறகு 'அபிங்டன்' என்ற எழுத்து என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பர்மிங்காம் நகரத்துக் கிங் டிக் ரெஞ்ச் அது, புல்டாக் நாய்தான் அதன் சின்னம்.

இரண்டு பக்கமும் பாருங்கள். தாடைக்கு அடியிலும் கைப்பிடியின் முனையிலும் சிறிய எழுத்து ஒளிந்திருக்கும்.

ஸ்பேனரில் 3/8 என்று போட்டிருக்கிறது, ஆனால் வாய் அதைவிட ரொம்பப் பெரிதாக இருக்கிறது. தப்பாக அடித்துவிட்டார்களா?

தப்பில்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பெட்டியில் பாதியை நீங்களே அடையாளம் கண்டுவிடலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்று நாம் வாங்கும் ஸ்பேனரில் உள்ள எண் வாயின் அகலம். பழைய பிரிட்டிஷ் ஸ்பேனரில் உள்ள எண் போல்ட்டுத் தண்டின் குறுக்களவு. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரை முறைதான் இதற்கு அடிப்படை. 3/8 போல்ட்டுக்குத் தலை 0.710 அங்குலம், ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். ஆகவே 3/8 என்று அடித்த ஸ்பேனரின் வாயை வெர்னியரில் அளந்தால் 18 வருகிறதா, அது விட்வொர்த். 9.5 வருகிறதா, அது வாய் அகலத்தைக் குறிக்கும் ஏ.எப். வகை. 17.5 வந்தால் பழைய அமெரிக்க முறையாக இருக்கலாம். அமெரிக்கர்களும் அந்நாளில் போல்ட்டு அளவையே எழுதினார்கள், அவர்களின் 3/8 போல்ட்டுக்குத் தலை 11/16 அங்குலம். விட்வொர்த்துக்கும் இதற்கும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதனால் வாய் தேய்ந்த ஸ்பேனரில் அளவை மட்டும் நம்பாமல் தயாரிப்பாளர் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரே வாயில் இரண்டு எண் இருந்தாலும் குழம்ப வேண்டாம். '7/16 டபிள்யூ, 1/2 பி.எஸ்.' என்று இருந்தால், விட்வொர்த் கணக்கில் 7/16 போல்ட்டுக்கும், நெருக்கமான மரை கொண்ட பி.எஸ்.எப். கணக்கில் 1/2 போல்ட்டுக்கும் அதே தலை என்று பொருள். போர்க்காலத்தில் இரும்பை மிச்சப்படுத்த விட்வொர்த் போல்ட்டுத் தலைகளை ஓர் அளவு சிறிதாக்கினார்கள், அதனால் இந்த இரட்டைக் குறி இன்னும் பரவியது. 0, 2, 4, 6 போன்ற ஓர் எண்ணோடு 'பி.ஏ.' இருந்தால் அது மின்சார வேலைக்கான சின்ன நட்டுகளுக்கு. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோ, டிஸ்ட்ரிபியூட்டர், விளக்கு இவற்றில் வரும்.

வண்டிக் கணக்கில் சொன்னால், 1950-களுக்கு முந்தைய பிரிட்டிஷ் கார் என்றால் விட்வொர்த், பி.எஸ்.எப். அம்பாசடருக்குப் பெரும்பாலும் ஏ.எப். ஃபியட் முழுக்க மில்லிமீட்டர். ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய மாரிஸ் எஞ்சின்களில் மரை மில்லிமீட்டர், தலை மட்டும் விட்வொர்த். ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் இயந்திரங்களில் தொடங்கிய வழக்கம் அது. ஸ்பேனர் பொருந்துகிறதே என்று விட்வொர்த் நட்டைப் போட்டு இறுக்கினால் மரை போய்விடும்.

எந்தக் கம்பெனி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர் இருந்தால் சுலபம், சின்னம் மட்டும் இருந்தால் பழகணும். இந்தப் பக்கம் அதிகம் கண்ணில் படுவது பிரிட்டிஷ் கருவிகள்: கிங் டிக், ஷெல்லி, பிரிட்டூல், கேரிங்டன், ஷெஃபீல்டு ஊர்ப் பெயர் போட்ட பலவகை. முக்கோணத்துக்குள் பி எழுத்து என்றால் அமெரிக்காவின் பில்லிங்ஸ் அண்ட் ஸ்பென்சர். சாய்சதுரத்துக்குள் டபிள்யூ என்றால் ஜே.எச். வில்லியம்ஸ். ஸ்நாப்-ஆன் 1920-இல் தொடங்கியது. 'ப்ளோம்ப்' என்ற பெயர் 1948-இல் 'புரோட்டோ' ஆனது, ஆகவே ப்ளோம்ப் பெயர் இருந்தாலே அது பழையது.

கெடோர், ஹேஸட், எலோரா மூன்றும் ஜெர்மனியில் ரெம்ஷைட் என்ற ஒரே ஊர். நம்மூர் பட்டறைக்காரர்கள் இன்றும் கெடோர் என்றால் ஒரு மரியாதையோடுதான் எடுக்கிறார்கள், அது நியாயமான மரியாதை. ஆனால் கெடோர் பெயரில் இந்தியாவிலும் தயாரித்தார்கள். 'இந்தியா' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்கு இரண்டும் நன்று, சேகரிப்பவர் கொடுக்கும் விலை மட்டும் மாறும். ஜலந்தர் கருவிகளும், 1969 வாக்கில் ஸ்வீடன் பஹ்கோவின் தொழில்நுட்ப உதவியோடு வந்த தபாரியாவும் இன்னும் 'பழம்பொருள்' வரிசைக்கு வரவில்லை. ஆரம்பகாலத் துண்டுகள் கிடைத்தால் எடுத்து வையுங்கள் என்பது என் கருத்து. நம் நாட்டுக் கருவிகளை யாரும் சேர்த்து வைக்கவில்லை.

பெயரே இல்லாத ஸ்பேனர் மட்டம் என்று நினைக்க வேண்டாம். கார்க் கம்பெனிகளுக்கு மொத்தமாகச் செய்து கொடுத்தவர்கள் வெறும் எண்ணை மட்டும் அடித்துக் கொடுத்ததும் உண்டு.

வயதை எப்படிக் கணிப்பது?

பேட்டண்ட் எண் இருந்தால் அதுவே பெரிய சாட்சி. அமெரிக்கப் பேட்டண்ட் எண் பத்து லட்சத்தைத் தொட்டது 1911-இல், இருபது லட்சத்தைத் தொட்டது 1935-இல். 18 லட்சத்துச் சொச்சம் என்று இருந்தால் 1930-களின் தொடக்கம். ஆனால் அது பேட்டண்ட் கொடுத்த ஆண்டு, கருவி அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யப்பட்டிருக்கலாம். ஜெர்மன் கருவியில் 'டி.ஆர்.பி.', 'டி.ஆர்.ஜி.எம்.' எழுத்து 1945-க்கு முந்தைய பதிவைக் காட்டும். 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. 'ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகள், 1952 வரை.

பூச்சும் சொல்லும். லேசான மஞ்சள் சாயலோடு இருப்பது நிக்கல், நீலச் சாயலோடு பளபளப்பது குரோம். குரோம் பூச்சு 1920-களின் பிற்பகுதியில்தான் வியாபாரத்துக்கு வந்தது. போர்க்காலக் கருவிகள் பலவற்றில் குரோம் இருக்காது, வெறும் கறுப்பு அல்லது மங்கிய சாம்பல் பூச்சுதான். மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் இராணுவச் சொத்து. ஸ்டார் திருப்புளி 1930-களின் நடுவில்தான் கார் வேலைக்கு வந்தது, ஆகவே ஸ்டார் முனை உள்ள எதையும் 'தாத்தா 1920-இல் வாங்கியது' என்று சொல்ல முடியாது. ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை வைத்து வயது சொல்லாதீர்கள், அம்பாசடருக்கே ஹேண்டில் இருந்தது.

'ஃபோர்டு' என்று அழகாக எழுதிய ஸ்பேனர் இருக்கிறது. பெரிய விலை போகுமா?

பலரும் ஆசையோடு கேட்பது இதைத்தான். மாடல் டி கார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி ஓடியது, ஒவ்வொன்றுக்கும் கருவிகள் கொடுத்தார்கள். அதனால் அந்தச் சாய்ந்த எழுத்து ஸ்பேனர் உலகம் முழுக்க நிறைய இருக்கிறது, தனியாக அதிகம் போகாது. இந்தியாவுக்கு ஃபோர்டு வண்டிகள் கனடாக் கம்பெனி வழியாக வந்தன, 'கனடா' என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். ஜீப்பின் கதை வேறு. போர்க்காலத்தில் ஃபோர்டு செய்த ஜீப்பின் பாகங்களிலும் கருவிகளிலும் எஃப் எழுத்து இருக்கும், ஜீப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருபவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

பெட்டியின் அடியில் கிடக்கும் சின்னச் சாமான்களைத் தவறவிடாதீர்கள். லூகாஸ் மேக்னட்டோ ஸ்பேனர் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், கூடவே இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு. இரும்பு வியாபாரி கண்ணில் அது குப்பை. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் அதைப் பார்த்தால் விடமாட்டார். பித்தளைக் காற்றுப் பம்பு, டயர் காற்று அளவி, கிரீஸ் கன், நீண்ட மூக்கு எண்ணெய்க் கேன் எல்லாம் இதே ரகம்.

எஸ்.ஐ.ஆர். என்று அடித்த பெரிய ஸ்பேனர் கிடைத்தது. அது எந்தக் கார்?

கார் இல்லை, சவுத் இந்தியன் ரயில்வே. 1951-இல் அது தென்னக ரயில்வேயோடு சேர்ந்துவிட்டது, ஆகவே கருவி அதற்கு முந்தையது. மோட்டார் சேகரிப்பாளர் எடுக்கமாட்டார், ரயில்வே பொருள் சேகரிப்பவர் எடுப்பார். எப்படி வந்தது என்று கேள்வி வரும், அதனால் ஏலச் சீட்டு இருந்தால் கூடவே வையுங்கள். லாஞ்சு எஞ்சின் ஸ்பேனர்கள் அளவில் பெரியவை, கைப்பிடி தடிமன், நீட்டிக் குழாய் செருகி இறுக்கிய தழும்பு இருக்கும். இவை பழம்பொருள் விலை போவது அபூர்வம்.

உப்புக் காற்றில் துரு விடாமல் ஏறுகிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

கடலோரத் துரு வேறு ரகம். இரும்பின் குழிக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும், மேலே தேய்த்துவிட்டு எண்ணெய் போட்டால் அடியில் அது தன் வேலையைத் தொடரும். முதல் வேலை உப்பைக் கழுவி எடுப்பது. அதற்கு நம்மூர் போர்வெல் தண்ணீர் ஆகாது, அதுவே உப்பு. மழைத் தண்ணீர் அல்லது கேன் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை மாற்றி ஊறவிட்டு, உச்சி வெயிலில் உடனே காயவையுங்கள்.

துரு ஆழமாக இருந்தால் சலவைச் சோடா முறை நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் மைனஸைக் கருவியில் மாட்டி, பிளஸைப் பழைய இரும்புத் துண்டில் மாட்டி, இரண்டும் தொடாமல் தொங்கவிடுங்கள். சில மணி நேரத்தில் துரு கறுப்பு மாவாக உதிரும். அந்தப் பிளஸ் துண்டு எக்காரணம் கொண்டும் எவர்சில்வராக இருக்கக் கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். எரியும் வாயு எழும்புவதால் வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம். கம்பியைத் தொடுவதற்கு முன் சார்ஜரை அணையுங்கள். மரக் கைப்பிடி உள்ளதையும், நிக்கல் அல்லது குரோம் உரிந்துகொண்டிருப்பதையும் இதில் போட வேண்டாம்.

செய்யக் கூடாதது கிரைண்டர் பிடிப்பது. கறுத்த பழைய மேற்பரப்பும் கூர்மையான எழுத்தும்தான் விலை. வெள்ளி போல மின்ன வைத்து எழுத்தை மழுங்கடித்துவிட்டால் எந்தச் சேகரிப்பாளரும் தொடமாட்டார். அலுமினியப் பெயிண்டும் அப்படியே. புளி போட்டுப் பித்தளையைத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம், பம்புக்கு அதுவும் வேண்டாம்.

கடைசியில் மெஷின் ஆயில் தடவிப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுக்காகும். பாலிதீன் பையில் கட்டினால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும்.

சரி, மதிப்பு எவ்வளவு?

பெரும்பாலான ஒற்றை ஸ்பேனர்களுக்கு, நல்ல புது ஸ்பேனர் விலைக்குப் பக்கத்தில்தான் மதிப்பு. இதைக் கேட்டு முகம் வாடுபவர்கள் உண்டு, ஆனால் உண்மை தெரிந்து விற்பது நல்லது. பிரிட்டனிலேயே பழைய கார்ச் சந்தைகளில் சாதாரணக் கிங் டிக் ஸ்பேனர் சில பவுண்டுகளுக்குத்தான் கைமாறுகிறது.

அதே சமயம், ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி போன்ற கார்களின் முழுமையான அசல் கருவித் தொகுப்பு ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகிறது. பழைய கார்ப் போட்டிகளில் நடுவர்கள் கருவிப் பெட்டியையும் திறந்து பார்க்கிறார்கள். மற்ற எல்லாம் இருந்து ஒரு பிளக் ஸ்பேனர் மட்டும் இல்லாதவர், அந்த ஒன்றுக்காக நல்ல விலை தருவார். ஆகவே விலையைத் தீர்மானிப்பது வயதை விட, 'இது இல்லாமல் எந்தக் கார் முழுமையாகாது' என்ற கேள்விதான். நூறு வயதுப் பெயரில்லாத ரெஞ்சை விட அறுபது வயது ஜாகுவார் டயர் காற்று அளவி அதிகம் போகும்.

நிலையைப் பார்க்கும்போது வாய் விரிந்திருக்கிறதா, தாடையின் உள்மூலையில் முடி போன்ற விரிசல் உண்டா, திருகு ரெஞ்சில் நகரும் தாடை எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். வெல்டு வைத்திருந்தாலோ பட்டறையில் வளைத்து மெலிதாக்கியிருந்தாலோ விலை விழும். வீட்டுக்காரர் பெயரோ முதலெழுத்தோ வெட்டியிருப்பது எனக்குக் குறையாகத் தோன்றுவதில்லை, சில வாங்குபவர்களுக்கு அது குறை.

இணையத்தில் விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம் இருக்கும்.

'தனுஷ்கோடிப் புயலில் கிடைத்தது' என்று ஒருவர் விற்கிறார். நம்பலாமா?

கருவி சொல்வதை நம்புங்கள். 1964 முதல் உப்பு மணலில் கிடந்த இரும்பு ஏடு ஏடாக உரியும், அதில் எழுத்து கூர்மையாக நிற்காது. எழுத்து தெளிவாக இருந்தால் அது கூரைக்கு அடியில் இருந்த பொருள். அந்தப் புயலில் வீடும் ஆளும் இழந்த குடும்பங்கள் இன்னும் இந்தக் கரையில் இருக்கின்றன. அந்தப் பெயரைச் சொல்லி விலை ஏற்றுவது எனக்குச் சகிக்கவில்லை. படமோ காகிதமோ இல்லாத கதைக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

போலி அதிகம் வருவது விலை உயர்ந்த கார்களின் தொகுப்பில்தான். புதிதாகச் செய்ததை அமிலத்தில் கறுக்க வைத்திருப்பார்கள். அசலில் கைபட்ட இடத்தில் மட்டும் தேய்மானம் இருக்கும், போலியில் எல்லா இடமும் ஒரே மாதிரி பழையதாக இருக்கும்.

எங்கே விற்பது? வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, அவர்கள் லாபம் வைத்துத்தான் எடுப்பார்கள். சென்னை, கோவைப் பழைய கார்க்காரர்களிடம் நேரடியாகக் கொடுத்தால் கூடுதல் கிடைக்கும், கருவியும் ஒரு வண்டியோடு சேரும். நான் இதைத்தான் விரும்புவேன். கோவை ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போனால் எந்த வண்டி எப்படி இருந்தது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

வெளிநாடு என்றால் கவனம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு ஆன வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. பொருள் அந்த வகையில் வராது என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிவிட்டு அனுப்புங்கள்.

விற்காமல் வேலைக்கே பயன்படுத்தலாமா?

தாராளமாக. விட்வொர்த் ஸ்பேனர் இன்றும் பழைய டீசல் எஞ்சின்களுக்கும் பழைய புல்லட் வண்டிக்கும் வேண்டியிருக்கிறது. விரிசல் உள்ளதை மட்டும் ஒதுக்குங்கள், அழுத்தும்போது உடைந்தால் முகத்தில் அடிக்கும். பழைய ஜாக்கியில் வண்டியை ஏற்றிவிட்டு அடியில் படுக்கவே கூடாது, கட்டையோ ஸ்டாண்டோ முட்டுக் கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். கருவியைக் குழாய் செருகி நீட்டி இறுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றி, தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள்.